சங்கிலி வர்றதுக்குள்ள

"அசையாதண்ணே, சேசுவே, அசையாத! மாசிலாமணி ஓடியிருக்கான், ஆளுங்களக் கூட்டிக்கினு வந்துடுவான்!"

மணல்ல குப்புறப் படுத்து, வண்டிக்கு அடியில தோள் வரைக்கும் கைய விட்டுக்கினு கத்தினா மர்சலின். அண்ணன் அகஸ்டினோட கை மட்டும் அவளுக்கு ஆம்புட்டுச்சு. மீதி ஆளு இருட்டுல கெடந்தான். பின்னாடிச் சக்கரம் கழட்டின பக்கமாப் பார்த்து வண்டி உக்காந்திருந்துச்சு. அதோட அச்சு அவன் இடது தொடை மேல. ஜாக்கி எங்கன்னு தேடினா, அது மணலுக்குள்ள சாஞ்சு தலை மட்டும் வெளிய தெரிஞ்சுது, குழி நண்டு மாதிரி.

"வலிக்குதாண்ணே?"

"வலி இல்ல மர்சு. அதான் பயமா இருக்கு."

வீட்டுல வேற யாரும் கெடையாது. அப்பா ரங்கூன் கப்பல்ல சமையக்காரரு, போய் ரெண்டு மாசம் ஆவுது. அம்மா அந்தோணியம்மாள் காலைல பூசை முடிஞ்ச கையோட அடையாறுக்குப் போயிட்டா, அகஸ்டினுக்குப் பாத்திருக்கற பொண்ணு வீட்டுல தேதி குறிக்க. சாந்தோம் கோயிலுக்குப் பின்னாடி தெருவுல, கடலப் பாத்த மாதிரி கடைசி வீடு. பக்கவாட்டுல ஓடு போட்ட ஷெட்டு. முன்ன அப்பா வலையும் கயிறும் போட்டு வெச்சிருந்த எடம். இப்ப அதுல ஒரு பழைய கார். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தொரை கழிச்சுக் கட்டினத அகஸ்டின் வாங்கியாந்தான். கோயிலுக்குத் தன் கல்யாணத்துக்குத் தன் வண்டியிலயே வந்து எறங்கணும்னு அவனுக்கு ஒரே வெறி.

வண்டி வந்துச்சு, ஆனா அடியில பாதி எடம் துரு. தூக்கி வெச்சுப் பாக்காம ஒண்ணும் பண்ண முடியாது. எப்படித் தூக்கறதுங்கறதே போன வாரம் பூரா வீட்டுல பேச்சு. அம்மா சொன்னா, "பள்ளம் தோண்டி மேல நிறுத்துடா, ஓட்டல்காரன் அடுப்புக் கணக்கா." அகஸ்டின் தோண்டினான். இடுப்பளவு போறதுக்குள்ள உப்புத் தண்ணி ஊறி வந்துச்சு. "கெணறு வெட்டிட்டான் எம்புள்ள, இனி குடத்த எடுத்துக்கினு வர்றேன்"னு அம்மா சிரிச்சா. திரும்ப மூடினான்.

அதுக்கப்புறம்தான் அண்ணனும் தங்கச்சியும் மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால ஷரீஃப் பாய் கடைக்குப் போனாங்க. கடை வாசல்ல மூணு கம்பத்தக் கூராக் கட்டி நிறுத்தி, நடுவுல கப்பியும் சங்கிலியும் தொங்குச்சு. கீழ ஒரு லாரி எஞ்சின். ஷரீஃப் பாய் ஒத்தக் கையால சங்கிலிய இழுத்தாரு. எஞ்சின் கெணத்துல வாளி ஏறுற மாதிரி நேரா மேல போச்சு.

"பாத்தியா தம்பி? இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போவாது. நேரா ஏறும், நேரா எறங்கும். வூட்டுக்கு இத எடு. ஜாக்கின்னா நடுரோட்டுல டயர் மாத்த."

அகஸ்டினுக்கு ஜாக்கி மேல கண்ணு. வண்டி பின்னாடி போட்டுக்கினு எங்க வேணா போவலாம். அவன் மர்சலினப் பாத்தான். அவளும் பெரிய மனுஷி கணக்கா யோசிச்சா. "எங்க பக்கம் உப்புக் காத்து பாய். சங்கிலி ஒரு மாசத்துல துருப் புடிச்சுடும்."

"அடேங்கப்பா, பாப்பா எஞ்சினியரு! சரி, ஜாக்கியே எடுத்துக்கினு போ. ஆனா கீழ கனமாப் பலகை போடு. மணல்ல வெக்காத, கேட்டியா?"

கேட்டாங்க. ஆனா இன்னிக்குக் காலைல பலகை கெடைக்கல. மாசிலாமணிதான் சொன்னான். குப்பத்துப் பையன், அகஸ்டின் கூடவே அலையறவன். "பலகை இன்னாத்துக்கு மச்சி? தண்ணிய ஊத்தி மிதி. ஈர மணலு கல்லு மாதிரி நிக்கும். எங்க பெரிய கட்டுமரத்தையே அது மேலதான நிறுத்தறோம்?" குடம் குடமா ஊத்தினாங்க. மூணு பேரும் கையக் கோத்துக்கினு மிதிச்சாங்க. நெசமாவே கல்லு மாதிரி இறுகிச்சு. மர்சலின் அது மேல குதிச்சுக் கூடப் பாத்தா. கடலோரத்துல ஈரம் காயாது. ஓட்டுக்குக் கீழ, உச்சி வெயில் சூட்டுல, அது மெதுவாக் காஞ்சுக்கினே இருந்தத யாரும் பாக்கல.

"மர்சு, தண்ணி."

செம்புல கொண்டாந்து, துணிய நனைச்சு வாயில புழிஞ்சா. அவனுக்கு அடியில மணல் கறுத்துக்கினே வந்துச்சு. தண்ணிதான், காலைல ஊத்தின தண்ணின்னு அவ மனசு ஒரு நிமிஷம் சொல்லிப் பாத்துச்சு. வாசம் வேற சொல்லிச்சு.

காஸ்பர் மாமாதான் முதல்ல வந்தாரு, பக்கத்து வீடு. ரயில்வேல இருந்து பென்ஷன் வாங்கினவரு. கீழ குனிஞ்சு பாத்தாரு. நிமிரும்போது மொகத்துல ரத்தமே இல்ல.

"ஒருத்தரும் தொடாதீங்க. நேரா மேல தூக்கணும், இல்லன்னா கால் கூழாயிடும். நான் பாய் கடைக்குப் போறேன். சங்கிலியும் கம்பமும் வண்டியில போட்டுக்கினு வந்துடறேன்."

அதுக்குள்ள மாசிலாமணி குப்பத்து ஆளுங்களோட ஓடியாந்தான். எட்டுப் பேரு. சவுக்குக் கம்பு, தாம்புக் கயிறு. முன்னாடி கோபால், தலை நரைச்ச ஆளு, கரையில எதத் தூக்கணும்னாலும் அவன் சொன்னாத்தான் தூக்குவாங்க.

"சங்கிலியா? நீ மவுண்ட் ரோடு போயி, பேரம் பேசி, மாடு பூட்டி வர்றதுக்குள்ள இங்க இன்னா கீது பாத்தியா? ரத்தம் போய்க்கினே கீது."

"டேய் கோபாலு, இது ஒங்க கட்டுமரமாடா? ஒரு பக்கம் தூக்கினா இன்னொரு பக்கம் உக்காரும்!"

"நீ ரயிலு ஓட்டுனவன். ரயிலு தண்டவாளத்துல தானாப் போவும். தூக்கறதப் பத்தி எங்கிட்ட பேசாத."

காஸ்பர் மாமா சைக்கிள்ல ஏறிட்டாரு. ஏறிக்கினே மர்சலினப் பாத்தாரு. "அம்மா இல்ல, நீதான் பாத்துக்கணும். நான் வர்ற வரைக்கும் ஒரு பயலத் தொட உடாத." தெருக்கோடி வரைக்கும் மணி அடிச்சுக்கினே போனாரு.

கோபால் கயிற மணல்ல வெச்சுட்டு உக்காந்தான். "சொல்லு பாப்பா. உங்கண்ணன், உங்க வண்டி. நீ வேணாம்னா நாங்க தொடல."

பதினஞ்சு வயசுப் பொண்ணுகிட்ட இதக் கேக்கலாமா? ஆனா கேட்டுட்டான். எட்டுப் பேரும் அவளையே பாத்தாங்க. வீட்டுல உப்புப் போதுமா, மீன் வேணுமான்னு கூட அவகிட்ட யாரும் கேட்டதில்ல. அவ மறுபடி படுத்து உள்ள பாத்தா.

"அண்ணே, இன்னாண்ணே பண்றது? இவங்க தூக்கறேங்கறாங்க. மாமா வேணாங்கறாரு."

அகஸ்டின் ஒதட்ட நக்கினான். ஒதடு சாம்பலாட்டம் இருந்துச்சு. "எனக்குத் தெரியல மர்சு. குளுருது."

சித்திரை மாசத்து வெயிலு. ஷெட்டுக்குள்ள மூச்சு விட முடியல. அவனுக்குக் குளுருதாம்.

அவ காத்திருந்தா. மாதாவோட பிரியதத்த மந்திரத்த ஆரம்பிச்சா, பாதில மறந்து போச்சு, திரும்ப ஆரம்பிச்சா. தெரு முனையப் பாத்தா. ஒரு நாயி குறுக்கப் போச்சு. புடிச்சுக்கினு இருந்த பிடி லேசா நழுவுச்சு. நழுவுனது தன் கை இல்ல, அண்ணன் கைன்னு தெரிஞ்சதும் வாயிலேர்ந்து தானா வந்துச்சு.

"தூக்குங்க."

கோபால் கயிற எடுத்துக்கினு எழுந்தான். மள மளன்னு வேல. பின்னாடி அச்சுக்குக் கீழ கயிற உட்டு, கம்புல சுத்தி, நாலு பேரு அந்தப் பக்கம், நாலு பேரு இந்தப் பக்கம், தோள் குடுத்தாங்க. "பாப்பா, நீயும் மாசிலாமணியும் கைக்கு ஒண்ணாப் புடிச்சுக்கங்க. ஏறினதும் இழுங்க."

எட்டுப் பேர்ல ஒருத்தனான ரங்கன் பாட்டுக்கு அடி எடுத்துக் குடுத்தான். கரையில பெரிய கட்டுமரத்தத் தூக்கற அதே மெட்டு. ஒருத்தன் சொல்ல, ஏழு பேரு ஒரே மூச்சா வாங்குவாங்க. அந்தப் பாட்டுல ஒரு சட்டம் உண்டு, குப்பத்துல கொழந்தைக்குக் கூடத் தெரியும். ஆரம்பிச்சா அடி முடியற வரைக்கும் யாரும் தோள எடுக்கக் கூடாது. ஒருத்தன் எடுத்தா மரம் மத்தவன் கால்ல. அதனால பாட்டுக்கு நடுவுல நிறுத்தறதுக்கு அவங்ககிட்ட வார்த்தையே கெடையாது.

வண்டி ஏறிச்சு. ஒரு சாண். அகஸ்டின் "ஆ"ன்னு மூச்ச விட்டான். தொடைக்கும் இரும்புக்கும் நடுவுல வெளிச்சம் வந்தத மர்சலின் பாத்தா. மாதாவுக்கு மனசுக்குள்ள மெழுகுவத்தி நேந்துக்கிட்டா.

வண்டி முன்னாடி நகர்ந்துச்சு.

கட்டுமரத்துக்குச் சக்கரம் கெடையாது. பின்னாடி தூக்கினா முன்னாடி அது மணல்ல ஊனிக்கினு நிக்கும். காருக்கு முன்னாடி ரெண்டு சக்கரம் இருந்துச்சு, அதுக்கு ஒரு கல்லு அண்டக் குடுக்கணும்னு கடல்ல பொழைச்ச எட்டுப் பேருக்கும் தோணல. பின்னாடி ஏற ஏற முன்னாடி உருண்டுச்சு. அச்சும் தாழ்ந்து, கால அழுத்திக்கினே கூட வந்துச்சு, தொடையிலேர்ந்து முட்டிக்கு. எட்டுத் தோளும் கம்புல மாட்டிக்கினு கூடவே நடந்துச்சு. பாட்டு நிக்கல.

"நிறுத்து!" அகஸ்டின் கத்தினான். "மர்சு, நிறுத்தச் சொல்லு!"

கேட்டுச்சு. அவ்ளோ சத்தத்துலயும் அவளுக்குத் தெளிவாக் கேட்டுச்சு. வாயத் தொறந்தா. ரங்கன் அடுத்த அடியச் சொல்லிட்டான். அவ அண்ணன் கைய இன்னும் இறுக்கிப் புடிச்சு, கண்ண மூடிக்கினு இழுத்தா. மாசிலாமணியும் இழுத்தான். ஏதோ ஒடிஞ்சுது, பச்சை மட்டை ஒடியற மாதிரி. ஆளு வெளிய வந்துட்டான்.

ஒரு ஜட்கா குதிரை வண்டியில போட்டாங்க. கோபால் தன் தலத்துணிய அவுத்துத் தொடையில முறுக்கிக் கட்டினான். கச்சேரி ரோட்டுல திரும்பும்போது எதிர்ல ஒரு மாட்டு வண்டி ஓட்டமா வந்துச்சு. மூணு கம்பம் நீட்டிக்கினு இருந்துச்சு, அது மேல சங்கிலி சத்தம். பக்கத்துலயே காஸ்பர் மாமா சைக்கிள். ஷரீஃப் பாய் மாட்டு வண்டியில நின்னுக்கினே வந்தாரு. ஜட்காவப் பாத்ததும் அவர் உக்காந்துட்டாரு.

ராத்திரியோட ராத்திரியா இடது கால முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க.

மறுநாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துல சண்ட நடந்துச்சு. "பத்தே நிமிஷம்! பத்து நிமிஷம் பொறுத்திருந்தா சங்கிலி வந்திருக்கும்"னு காஸ்பர் மாமா. "பொறுத்திருந்தா பொணத்தத் தூக்கியிருப்ப உன் சங்கிலியில"ன்னு கோபால். அடையாறுலேர்ந்து பொண்ணு வீட்டுக்காரங்க வந்து, ஆரஞ்சுப் பழம் வெச்சுட்டு, தேதியப் பத்திப் பேசாமப் போனாங்க. அம்மா அழல. ஒவ்வொருத்தரா வர்றவங்கள ஒரே கேள்வி கேட்டா: "யாரு தூக்கச் சொன்னது?" எல்லாரும் வேற பக்கம் பாத்தாங்க. கோபால் மட்டும் வாயத் தொறந்து, "நான்தாம்மா"ன்னுட்டான். அவன் பொய் சொல்றான்னு தெரிஞ்சும் மர்சலின் அங்கயே நின்னா. அந்தோணியம்மாள் அவன் மேல காறித் துப்பினா. அவன் தொடச்சுக்கல.

டாக்டர் வெளிய வந்தப்ப மர்சலின் பின்னாடியே ஓடினா. "சார், அப்படியே நேராத் தூக்கியிருந்தா கால் தங்கியிருக்குமா சார்?"

"தங்கியிருக்கலாம்."

"பொறுத்திருந்தா உசிரு?"

"போயிருக்கலாம். எனக்கு எப்படிம்மா தெரியும்?" அவர் போயிட்டாரு.

சாயங்காலம் அகஸ்டின் கண்ணத் தொறந்தான். அம்மா முகம் கழுவப் போயிருந்தா. போர்வை ஒரு பக்கம் மேடா, ஒரு பக்கம் தட்டையாக் கெடந்துச்சு. அவன் அதப் பாத்தான், பாத்துட்டுக் கண்ண எடுத்துட்டான். மர்சலின் கையத் தேடிப் புடிச்சான். கையில பலமே இல்ல.

"நான் நிறுத்துன்னேன்."

அவ தலையக் குனிஞ்சா.

"சத்தத்துல அவங்களுக்குக் கேட்டிருக்காது. அவங்க மேல தப்பில்ல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். கோவம் எதுவும் இல்ல அவன் குரல்ல. வாத்தியாருகிட்ட கணக்குல சந்தேகம் கேக்கற மாதிரி மெதுவாக் கேட்டான்.

"உனக்குக் கேட்டுச்சு. உன் கை இறுகுச்சே, அப்பவே எனக்குத் தெரியும். கேட்டும் ஏன் மர்சு நிறுத்தச் சொல்லல?"