நீலச் சம்பங்கியும் வெள்ளைச் சோபாவும்

ஜெபமாலை மாதத்தில் மாதா சுரூபம் வீடு வீடாக வருவது அந்தத் தெருவின் வழக்கம். முந்தின நாள் சாயங்காலம் அது ஸ்டெல்லாமேரியின் வீட்டுக்கு வந்தது. புது மாலை அணிவிப்பதற்காகப் பழையதைக் கழற்றிய அவள் கணவர் அருளானந்தம், மாதாவுக்குச் சூட்டியதைத் தரையில் போடலாகாது என்று, மிகுந்த பக்தியோடு அதைச் சோபாவின் மேல் வைத்தார். மாதாவின் நிறம் என்பதற்காகப் பூக்கடைக்காரர் நீலச் சாயத்தில் முக்கியெடுத்த சம்பங்கி மாலை அது. விடிந்ததும் ஸ்டெல்லாமேரி அதை எடுத்தபோது, நடு மெத்தையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலக் கறை படிந்திருந்தது.

சோபாவுக்கு வெள்ளைத் துணிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் அவளே. துணி மாற்றிய அன்று, பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நாத்தனார் செசிலியா அதைத் தடவிப் பார்த்தாள். சோபாவை அவள் பிரெஞ்சில் கனாப்பே என்றுதான் சொல்வாள்.

"இந்த வீட்டுல வெள்ளக் கனாப்பேவா? ஒரு மாசம் தாங்காது. இப்பவே ஒரு உறை தைச்சிப் போட்டுடு."

"உறை போடாமலே வெச்சிக் காட்டுறேன் அண்ணி" என்று, பத்துப் பேர் முன்னிலையில் ஸ்டெல்லாமேரி சொல்லிவிட்டாள். அதே செசிலியா இன்று மாலை ஜெபத்துக்கு வருகிறாள்.

"மெத்தைய திருப்பிப் போட்டுட்டா என்ன?" என்றார் அருளானந்தம்.

"அடியில காடாத் துணி. உங்க அக்காவுக்குக் கண்ணு இல்லியா?"

"அப்ப ஒரு பெட்ஷீட் விரிச்சிடலாம்."

"அதுக்கு, நான் தோத்துட்டேன்னு வாசல்ல போர்டு மாட்டிடுங்க."

அவர் குற்றவுணர்வோடு ஈரத்துணியால் கறையைத் தேய்க்க வந்தார்.

"கைய எடுங்க! புண்ணத் தேய்ப்பாங்களா? ஒத்தித்தான எடுக்கணும்?" கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவளுக்கு வேறு உவமை எதற்கு?

மாதாவிடம் மன்னிப்புக் கேட்டு, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியை அணைத்தாள். புண் துடைக்கும் ஸ்பிரிட்டைக் கையில் எடுத்திருந்தாள்; அதன் பக்கத்தில் நெருப்பு ஆகாது. மெத்தையின் பின்னோரத்து வெள்ளைத் துணியில் ஒரு துளி ஸ்பிரிட் விட்டு, துணியின் நிறம் கெடவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு வெள்ளைப் பஞ்சை நனைத்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒத்தினாள். பஞ்சில் நீலம் ஏறியது. உடனே அதை எறிந்து புதிதை எடுத்தாள். அவசரப்படவில்லை, ஒரு பஞ்சைக்கூட இரண்டாம் முறை பயன்படுத்தவில்லை. நீலம் வெளிறி, சாம்பலாகி, மறைந்தது. மிச்சத்தைச் சோப்பு நீராலும், சோப்பைப் பச்சைத் தண்ணீராலும் ஒத்தியெடுத்தாள்.

"போயிடுச்சி!" என்று அருளானந்தம் கைதட்டினார்.

காய்ந்தபோது கறை இருந்த இடத்தைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் தெரிந்தது. அவர் பெட்ஷீட் அலமாரியைப் பார்த்தார்.

ஸ்டெல்லாமேரி வளையத்தை மட்டும் தனியாகத் துடைக்கப் போகவில்லை. அந்த மெத்தையின் மேற்புறம் முழுவதையும், இந்தத் தையலிலிருந்து அந்தத் தையல்வரை, ஒரே சீராக ஈரத்துணியால் நனைத்தாள். நனைந்ததற்கும் நனையாததற்கும் நடுவில் எல்லை இருந்தால்தானே வளையம் விழும்? வெள்ளைத் துண்டால் அழுத்தி ஈரத்தை வாங்கி, மின்விசிறியின் கீழ் நிறுத்திவைத்தாள்.

மாலையில் செசிலியா வந்தாள், சோபாவின் நடுவில் அமர்ந்தாள், காபி குடித்தாள், கொண்டுவந்த பையைத் திறந்து, கரும்பச்சையில் பெரிய பூக்கள் போட்ட ஒரு சோபா உறையை எடுத்தாள்.

"உனக்காகவே வாங்கினேன் ஸ்டெல்லா."

அவ்வளவு பாடுபட்ட வெற்றி யாருக்கும் தெரியாமல் போவதா? ஸ்டெல்லாமேரியால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணி, காலைல இந்த சோபாவுல நீலக் கறை இருந்துச்சி. எங்கன்னு சொல்லுங்க பாப்போம்."

செசிலியா மூக்குக்கண்ணாடியை மாட்டினாள்; குனிந்தாள்; நிமிர்ந்தாள்; இடப்பக்க மெத்தையில் விரலை ஊன்றினாள்.

"இதோ. வந்தப்பவே பாத்துட்டேன். லேசா நீலம் அடிக்குதே."

"அக்கா, நீ அதும் மேலதான் உக்காந்திருக்க" என்றார் அருளானந்தம்.

செசிலியா எழுந்து, அமர்ந்திருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தாள். உறையை மடிப்புக் கலையாமல் மடித்துப் பையில் வைத்தாள்.

ஸ்டெல்லாமேரி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மாதாவின் முன்னால் மெழுகுவர்த்தியை ஏற்றினாள்.