ஸ்டீயரிங்கில் நாலு பல்

விரல் தேடிக்கொண்டே போகிறது, ஸ்டீயரிங்கின் மரவளையத்தில், இடது பக்கம், கொஞ்சம் கீழே, அங்கேதான் இருக்க வேண்டும், இல்லை, மறுபடி மேலிருந்து வருகிறேன், வார்னிஷ் பூசி வழவழவென்று இருக்கிறது, எங்கும் தட்டவில்லை, நாலு சின்னப் பள்ளம், மேலே இரண்டு, அடியில் இரண்டு, என் மகள் மஞ்சரியின் பால்பற்கள் பதிந்த இடம், அதைக் காணவில்லை. நான் தாராபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் இழைத்து முடித்துவிட்டார்கள். ஷெட் வாசலில் நின்று இவர் கேட்கிறார், எப்படி இருக்குது, கம்பெனில இருந்து வந்தப்ப இப்படித்தான் இருந்திருக்கும், பித்தளை விளக்கப் பாத்தியா, உம்மூஞ்சி தெரியுது பாரு. தெரிகிறது, அழகு மூஞ்சி, கிழவி மூஞ்சி, நல்லா இருக்குதுங்க என்கிறேன், விரலை வளையத்திலிருந்து எடுக்கவில்லை.

வண்டி மாமனார் வாங்கிப்போட்டது, வெள்ளைக்காரன் காலத்து வண்டி, நான் மருமகளாக வந்தபோதே ஓடாது, பின்சீட்டில் கோழி முட்டையிடும், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், இவர் வண்டிக்கு முன்னால் குனிந்து எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் செருகிச் சுற்றுவார், கட்டைவிரலை மட்டும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாகச் சேர்த்து வைத்துக்கொள்வார், வளைத்துப் பிடித்தால் எஞ்சின் திருப்பி உதைக்கும்போது விரல் முறிந்துபோகுமாம், மஞ்சரி சீட்டில் நின்று ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இதையே பார்ப்பாள், பார்த்துப் பார்த்து அவளும் பால் டம்ளரை அப்படியே பிடிக்கிறாள், கட்டைவிரலை ஒட்டி வைத்துக்கொண்டு, டம்ளர் நழுவி என் சேலையெல்லாம் பால், ஏ புள்ள, டம்ளர் உதைக்குமாடி என்று கத்துகிறேன், உதைக்கும்மா என்கிறாள், என்ன வாய் அந்த வாய். எஞ்சின் இருமும், அணைந்துபோகும், அப்பா எப்ப ஓடும், நாளைக்கு ஓடும் சாமி, ஏனுங்க புள்ளகிட்டப் பொய் சொல்றீங்க, பொய்யில்ல, நாளைக்கு ஓட்டிப்போடறேன் பாரு, நீதான் சாமி முன்னால உக்காரோணும். சோறு ஆறுது இறங்கு என்று நான் இழுத்தால் வளையத்தைக் கடித்துக்கொண்டு தொங்குவாள், கையைப் பிரித்தாலும் பல்லை விடமாட்டாள், ஏனுங்க, உங்க மக வண்டியவே தின்னுபோடுவாளாட்ட இருக்குது, இவர் சிரிக்கிறார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரிக்கவில்லை.

ஒரு காய்ச்சல், கூடவே ஜன்னி, டாக்ஸியில் என் மடியில் கிடக்கிறாள், வெயில் கண்ணைக் குத்துகிறது, இது நம்ம வண்டியாம்மா என்று கேட்கிறாள், ஆமாங் கண்ணு, நம்ம வண்டிதான், ஓடுது பாரு, முன்சீட்டில் இருந்த இவர் திரும்பவே இல்லை, ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதும் என் மடியில்தான் இருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு போட்டோகூட எடுக்கவில்லை அவளை, பொங்கலுக்கு எடுக்கலாம் என்றிருந்தோம், சட்டை, செருப்பு, எல்லாவற்றையும் மாமியார் ஆற்றோடு விட்டுவிட்டார், அவள் பெயரை இவர் வாயால் நான் மறுபடி கேட்கவே இல்லை, நானும் எடுக்கவில்லை, எடுத்தால் மனுஷன் உடைந்துபோவார் என்று பயம், ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டார், இவர் மில்லுக்குப் போனதும் நான் திறந்துகொண்டு போவேன், வளையத்தில் விரலை வைப்பேன், நாலு பள்ளமும் அப்படியே இருக்கும், அது போதும் எனக்கு, அதை வைத்துக்கொண்டுதான் காலத்தை ஓட்டினேன்.

மில்லிலிருந்து ஓய்வு பெற்றதும் இவருக்குப் பைத்தியம் பிடித்தது, பம்பாயிலிருந்து சாமான், எங்கிருந்தோ டயர், மரவேலைக்கு மயில்சாமி ஆசாரி, எல்லாம் பழையபடி ஆகோணும், ஒரு கீறல் இருக்கக் கூடாது என்று ஒரே பிடிவாதம், அந்தக் கீறலில்தானே என் குழந்தை இருந்தாள். வாசலில் உளியைத் தீட்டிக்கொண்டிருந்த மயில்சாமியைப் பிடித்துக்கொண்டேன், ஏப்பா, உனக்குக் கண்ணில்லையா, அந்த எடத்த யாருப்பா இழைக்கச் சொன்னது, அவன் மிரண்டுபோனான், நானில்லீங் அம்மிணி, மத்ததெல்லாம் நாந்தான், அந்த எடத்தத் தொடவே உடலீங்க, அய்யாவே உப்புத்தாள வாங்கி உக்காந்து தேச்சாங்க, பொழுதெறங்கற வரைக்கும் தேச்சாங்க, சோத்துக்குக்கூட எந்திரிக்கலீங்க. தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன்.

பழைய வண்டிகளின் ஊர்வலத்தன்று போகக் கூடாது என்றுதான் இருந்தேன், இவர் குனிந்து கைப்பிடியைச் சுற்றுகிறார், நரைத்த தலை, சுருங்கிய கை, கட்டைவிரல் மட்டும் பழையபடி ஒட்டியே இருக்கிறது, எஞ்சின் இருமுகிறது, அணையப்போகிறது, அணையவில்லை, ஓடுகிறது, என் கால் தானாகப் போய் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டது. ரேஸ்கோர்ஸ் சாலையில் ஜனங்கள் கையாட்டுகிறார்கள், ரப்பர் ஹாரனை அமுக்குகிறார் இவர், எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை, ஏனுங்க, எதுக்குங்க அதைத் தேச்சீங்க, எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானுங்களே. எது என்று கேட்கவில்லை, நல்லவேளை, கேட்டிருந்தால் இறங்கிப் போயிருப்பேன். ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு, அது இருந்தா கை அங்கயே நின்னுபோகுது, அதுக்கு மேல என்னால ஓட்ட முடியல, நாளைக்கு ஓட்டறேன்னு சொன்னனே புள்ளகிட்ட, என்கிறார். புள்ள. எத்தனை வருஷம் ஆயிற்று அந்த வாயில் அந்த வார்த்தையைக் கேட்டு, நான் அழுகிறேன், வாய்விட்டே அழுகிறேன், ஓரத்தில் நிற்கிறவர்கள் கைதட்டுகிறார்கள், இந்த எஞ்சின் போடுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்காது அவர்களுக்கு, வண்டி ஓடுகிறது, ஓடுது பாரு கண்ணு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்புகிறேன், இவருடைய இடது கை வளையத்தின் மேல் இருக்கிறது, கட்டைவிரல் மற்ற விரல்களை விட்டுப் பிரிந்து, இடது பக்கம், கொஞ்சம் கீழே, வழவழவென்ற அந்த இடத்தில் தடவிக்கொண்டே போகிறது, இல்லை, மறுபடி மேலிருந்து வருகிறது, மறுபடியும், இவர் சாலையைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார், விரல் தேடுவது இவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.