நல்ல அலறல்

படப்பிடிப்பில் மத்தியானச் சாப்பாட்டுக்காக ஜெனரேட்டரை அணைத்திருந்த நேரத்தில்தான் அந்த அலறல் கேட்டது. விளக்குக்காரர்கள் சிரித்தார்கள். "சாப்பிடும்போதாவது அதை நிறுத்துண்ணே!" என்று ஒருவன் கத்தினான். தயாரிப்பாளருக்கும் சிரிப்பு வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளரைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவர் ஒரு கையில் தட்டு, மறு கையில் கரண்டி. கருவிகள் எல்லாம் பெட்டிக்குள் கிடந்தன.

"நான் போடலங்க" என்றார் ஒலிப்பதிவாளர்.

அந்த அலறலை அறியாதவர்கள் கிடையாது. தயாரிப்பாளரின் முதல் பேய்ப்படத்தில் கதாநாயகிக்குக் கத்தவே வரவில்லை, பூனை மாதிரி முனகினாள். படம் தேறாது என்று எல்லாரும் கைகழுவிவிட்ட நேரத்தில், படப்பிடிப்பின்போது எப்படியோ நாடாவில் பதிந்திருந்த ஓர் அலறலை ஒலிப்பதிவாளர் எடுத்துச் சேர்த்தார். யாராவது துணை நடிகை விளையாட்டுக்குக் கத்தியிருப்பாள் என்று விட்டுவிட்டார்கள். தியேட்டரில் ஜனங்கள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தயாரிப்பாளர் எடுத்த எல்லாப் படத்திலும் அதே அலறல், இதே பங்களா. ராசி என்றார். 'அலறல் முதலாளி' என்று பட்டப்பெயர் விழுந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அலறல் வந்த மாடிக்குத் தயாரிப்பாளர் படியேறினார். பங்களாவின் சொந்தக்காரர் மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்தார். மாடியின் கடைசி அறைப் பக்கம் மட்டும் யாரும் போகக்கூடாது, பழைய சாமான் கிடக்கிறது என்று முதல் நாளே சொல்லி வைத்தவர் அவர். அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"வேணாண்ணே. என் தங்கச்சிதான். ஊரைப் பொறுத்தவரைக்கும் அவ எவன் கூடவோ ஓடிப்போயிட்டா. அப்படியே இருக்கட்டும்."

"அடப்பாவி! அப்புறம் எந்தத் தைரியத்துலய்யா சினிமாக்காரங்களை உள்ள விட்டே?"

"உங்க படம் வந்ததுலேருந்து, இந்த வீட்டுல அலறல் கேட்டா அக்கம்பக்கத்துல ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்ல" என்றார் வீட்டுக்காரர், ஏதோ உதவிக்கு நன்றி சொல்வதுபோல.

தயாரிப்பாளர் தாழ்ப்பாளில் கையை வைத்தார். திறந்தால் நாளைக்கு ஊர் சும்மா விடுமா? தெரிந்தேதான் இவள் அலறலைப் படத்தில் போட்டான் என்பார்கள். ஒரு படம் மிஞ்சாது, கட்டிக்காத்த பேர் சந்தி சிரிக்கும். தாழ்ப்பாளில் வைத்த கையை எடுத்தும்விட்டார். எடுத்த கையைப் பார்க்க அவருக்கே அருவருப்பாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தார்.

தலை முழுக்க நரைத்த ஒருத்தி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் பலகை அடித்திருந்தது.

"இந்தப் பலகை இடுக்கு வழியா உங்களைப் பாத்திருக்கேன்" என்றாள். குரல் கரகரத்தது. "நீங்க வர்றப்பல்லாம் கத்துவேன். உங்க யாருக்குமே கேக்கலையா?"

அவர் கதவை அகலத் திறந்தார்.

கீழே விளக்குக்காரன் ஒருவன் அந்த அலறலை அப்படியே கத்திக் காட்டினான். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் சட்டென்று எழுந்து ஜன்னலுக்குப் போய், பலகையில் காதை வைத்து, அங்கே யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று உற்றுக் கேட்கத் தொடங்கினாள்.