வாயும் வயிறும்

செவ்வாய்க்கிழமை மதியம் அம்மா சாப்பிட்ட இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் சோறும் புதன்கிழமை காலை மகளின் எடையில் நூற்றுப்பத்து கிராமாக ஏறியிருந்தன. புற்றுநோய்க் குழந்தைகளுக்கான அந்த மூன்றாம் மாடி வார்டில் எடை பார்ப்பது காலை ஆறரைக்கு, செருப்பைக் கழற்றிவிட்டு, மூத்திரம் போய்வந்த பிறகு. ஆகவே தவறு நடக்க வழியில்லை. பதினான்கு கிலோ முந்நூற்றுப்பத்து என்று எழுதிக்கொண்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மகளுக்கு ஏழு வயது. பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்ததால் பூசணி என்று பெயர் விழுந்துவிட்டது. இப்போது அப்படிக் கூப்பிட எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது, ஆனால் அவள் அந்தப் பெயருக்குத்தான் திரும்பினாள். மருந்து ஏற ஏற வாயெல்லாம் புண். எதைக் கொடுத்தாலும் "இரும்பு மாதிரி இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதினைந்து கிலோ ஆனால்தான் அடுத்த சுற்று மருந்து, இல்லாவிட்டால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நோய் அதுவரை காத்திருக்குமா என்று அம்மா கேட்டதற்கு அவர் சீட்டில் 15 என்று எழுதிக் கொடுத்தார். குழந்தைகளின் சாப்பாட்டைக் கவனிக்கும் டயட்டீஷியனுக்கு வார்டில் கிராம் மேடம் என்று பெயர்; வாழைப்பழத்தைக்கூட அவர் கிராமில்தான் பார்ப்பார். யார் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுத ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு தாளைத் தொங்கவிட்டிருந்தார். பூசணியின் தாள் இப்படியே காலியாக இருந்தால் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டுப் பால் இறக்க வேண்டியதுதான் என்றார். சட்டைக் கம்பெனியில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அந்தக் குழாயை நினைத்தாலே பயமாக இருந்தது. அதனால் அந்த வார்டில் எல்லா அம்மாக்களும் என்றாவது ஒருநாள் செய்கிற தப்பை அவளும் செய்தாள். மீந்த தட்டைத் தானே காலி செய்துவிட்டு, தாளில் 'முழுசும் சாப்பிட்டாள்' என்று எழுதினாள். மற்றவர்களை மறுநாள் எடை காட்டிக்கொடுத்துவிடும். இவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

எட்டாம் நாள் கிராம் மேடம் அவளைக் கையும் களவுமாகப் பிடித்தார்.

"அவ சாப்பாட்ட நீங்க சாப்பிடறீங்களேம்மா, அப்புறம் அவளுக்கு எப்படி ஏறுது?"

"தெரியல மேடம். ஏறுது. எனக்குத்தான் பசிச்சுக்கிட்டே இருக்கு."

மேடம் எடை மெஷினில் இரண்டு கிலோ படிக்கல்லை வைத்துச் சோதித்தார். வேறு மெஷின் கொண்டுவந்தார். பூசணியின் மேல்கையில் நாடாவைச் சுற்றி அளந்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள்; இங்கே வாய் மட்டும்தான் வேறாக இருந்தது. மேடம் பெருமூச்சு விட்டுவிட்டுத் தாளில் 'அம்மா' என்று ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டார். விஷயம் பரவி மற்ற அம்மாக்களும் தின்று பார்த்தார்கள், ரவிக்கை இறுகியதுதான் மிச்சம். ஜன்னலோரக் கட்டிலின் அப்பா பத்து முட்டையை விழுங்கிவிட்டு இரண்டு நாள் கழிவறையில் குடியிருந்தார்.

காஜா எடுப்பதாவது எட்டு மணி நேர வேலை. இதற்கு ஓய்வே இல்லை. விடிந்ததும் பால், எட்டு மணிக்கு முட்டை, பத்து மணிக்கு வேர்க்கடலை, பிறகு சோறு, மறுபடி பால். ஒன்றும் அவள் வயிற்றில் தங்கவில்லை; பசியோடு உட்கார்ந்து பசியோடு எழுந்தாள். அவளுடைய எடை நாற்பத்தெட்டிலிருந்து நாற்பத்துநான்குக்கு வந்தது, அதை யாரும் எழுதவில்லை. கரண்டியைத் தூக்கவே கை வலித்தது. பூசணி பதினான்கு தொள்ளாயிரத்தைத் தொட்ட அன்றிலிருந்து அம்மாவால் ஒரு வாய்கூட விழுங்க முடியவில்லை. முட்டை வாசனை பட்டாலே குமட்டியது. மூன்றே நாளில் மகள் முந்நூறு கிராம் இறங்கினாள்.

"இனிமே குழாய்தாம்மா, வேற வழியில்ல," என்றார் மேடம்.

"அப்ப எனக்குப் போடுங்க."

டாக்டர் தாளைப் பார்த்தார், 'அம்மா' கட்டத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அன்று மதியமே அம்மாவின் மூக்கில் குழாய் ஏறியது. பூசணி எழுந்து உட்கார்ந்து அவள் கன்னத்து பிளாஸ்திரியைத் தடவிப் பார்த்தாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்லடி. போடறப்ப தும்மல் வர்ற மாதிரி இருந்துச்சு. அவ்ளோதான்."

"அவ்ளோதானா? அப்ப எனக்கே போட்டிருக்கலாம்ல?"

அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. மகளுக்காகப் பயப்படுவதாக நினைத்து இத்தனை நாளும் தன் பயத்தைத்தான் அவள் சுமந்திருக்கிறாள். வார்டே பார்க்க அழுதாள், குழாய் உறுத்தியதால் சரியாக அழக்கூட முடியவில்லை.

மறுநாள் காலை அவளுடைய குழாயை எடுத்துவிட்டு மகளுக்குச் சின்னதாக ஒன்று போட்டார்கள். பூசணி இரண்டு தும்மல் தும்மினாள். முதல் நூற்றைம்பது மில்லி பால் இறங்கி முடிந்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா பெரிதாக ஏப்பம் விட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவளுக்கு வயிறு நிறைந்திருந்தது. கிராம் மேடம் எதுவும் கேட்காமல் 'அம்மா' கட்டத்தில் ஒரு டிக் போட்டார். பன்னிரண்டாம் நாள் பதினைந்து கிலோ ஆனது, மருந்து தொடங்கியது.

அந்த மருந்து முடிய ஒன்றரை வருடம் பிடித்தது. முடி வளர்ந்தது, ருசி திரும்பியது, பூசணி படித்து வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். அம்மா அதே சட்டைக் கம்பெனியில் இருக்கிறாள். போனை எடுத்ததும் எல்லா அம்மாக்களும் கேட்கிற 'சாப்பிட்டியா'வை அவள் கேட்பதில்லை, தேவையில்லை. மதியம் இரண்டரை தாண்டியும் வயிறு காந்தினால் மட்டும் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கூப்பிடுவாள்.

"இன்னும் என்னடி வேலை உனக்கு?"

"இதோ, டப்பாவத் தொறந்துட்டேம்மா."

போனை வைத்துவிட்டு அம்மா காத்திருப்பாள். கால்மணி நேரத்தில் வயிறு நிறைந்துவிடும். அடுத்த சட்டையை எடுத்துக்கொள்வாள்.