காவிக்கோடு போட்ட டாங்கி

செங்கம் ரோட்டில் எங்கள் மாடி அறையில் குடியிருந்த வெள்ளைக்காரர் பீட்டர் காலையில் ஆசிரமத்தில் கண்மூடி உட்காருவார். மத்தியானம் வந்து ஈயத்தில் செய்த பொம்மை யுத்த டாங்கிகளுக்குப் பெயின்ட் அடிப்பார். ஒவ்வொன்றும் தீப்பெட்டிக்குள் அடங்கும். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரரும் அவரும் மேசைமேல் மணல் கொட்டி, பழைய யுத்தம் ஒன்றை ஆடிப் பார்ப்பார்கள்.

பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபின் அந்த அறையைப் பெருக்குவதும் பிரஷ் கழுவுவதும் என் வேலை. நான் பேசமாட்டேன், அவரும் பேசச் சொல்லமாட்டார். அந்த அமைதி எனக்கே சொந்தமாக இருந்தது, அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து சித்தி மகள் வேதா வந்து தங்கும்வரை.

வந்த அன்றே மாடி ஏறினாள். "இன்னா சாமி, பொம்மைக்கு அம்மை போட்டாப்ல திட்டு திட்டா வெச்சிக்கினு இருக்கீங்க?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். என்னிடம் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். அதற்காக எங்கள் இருவருக்கும் முன்னாலேயே ஆளுக்கொரு டாங்கி கொடுத்தார். "பச்சை அடி. மணல்ல பாசி நடுவுல வெச்சா தெரியக் கூடாது. யார் நல்லா செய்யறாங்களோ, மீதி டாங்கிக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிற வேலை அவங்களுக்கு."

அந்த வேலை எனக்கு வேண்டும். ஆனால் மார்கழியில் வேதா போடும் கோலத்தைப் பார்க்கத் தெருவில் ஆட்கள் நிற்பார்கள். என் கோலத்தை அம்மாவே அழித்துவிட்டு வேறு போடுவாள்.

வேதா டாங்கியின் நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். இடப்பக்கம் ஒரு வளைவு, வலப்பக்கம் அதே வளைவு. சுற்றிலும் செங்காவி நிறத்தில் கோடு இழுத்தாள்.

"காவி இல்லாட்டி மூளியா இருக்கும்டி," என்றவள் என்னுடையதை எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, மாடு சாணி போட்டாப்ல?"

அவள் பிரஷ்ஷின் மயிரெல்லாம் கொட்டிப்போக வேண்டும் என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டேன்.

ஞாயிறன்று பீட்டர் இரண்டையும் மணலில், பச்சைப் பாசிக்கு நடுவில் வைத்தார். ஜெர்மன்காரர் உள்ளே வந்ததும் நேராக வேதாவின் டாங்கியைத் தொட்டார். என்னுடையதைக் குனிந்து தேடித்தான் கண்டுபிடித்தார்.

"எதிரி கண்ணுல பட்டுடுச்சு. வேதா டாங்கி செத்துப் போச்சு," என்றார் பீட்டர். மீதி டாங்கிகளை என் பக்கம் நகர்த்தினார்.

வேதாவுக்கு வருத்தமே இல்லை. "நீயே சாணி தெளிச்சிக்கோ, தாயே," என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

பீட்டர் அந்தச் செத்துப்போன டாங்கியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பெருக்கும்போது அது அவர் தலைமாட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. என்னுடையதை மேசையில் தேடினேன். எனக்கே சட்டென்று கண்ணில் படவில்லை.