குழந்தையை யார் வைத்துக்கொள்வது?

உயரம் என்றால் எனக்குப் பயம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், ஏனென்றால் என் வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. தினமும் முப்பது மாடி, நாற்பது மாடி என்று ஏறி இறங்குகிறவன்தான். ஆனால் லிஃப்ட் என்பது நான்கு சுவரும் ஒரு கதவும் உள்ள மரியாதையான பெட்டி. அதன் கூரைமேல் நின்று வேலை செய்தாலும் சுற்றிலும் கும்மிருட்டு, பார்த்துப் பயப்பட ஒன்றும் இருக்காது. இந்த வித்தியாசம் புரிகிற பக்குவம் யாருக்கும் கிடையாது.

கல்யாணத்துக்கு முன்பு அவள், "ரோலர்கோஸ்டர்னா எனக்கு உயிர். உங்களுக்கு?" என்று கேட்டாள். "எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவள் பாம்பு வளர்ப்பதைப் பற்றிக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். பிறகு இரண்டு வருடம் முதுகுவலி, மழை, அவசர வேலை என்று தப்பித்தேன். அப்புறம் அவள் உண்டானாள். அந்தப் பத்து மாதமும் எனக்கு நிம்மதியோ நிம்மதி.

பையனுக்கு ஆறு மாதம் முடிந்த அன்று சொன்னாள்: "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். தீம் பார்க்ல இருக்கிற அந்தப் பெரிய ரோலர்கோஸ்டர்ல ஒரே ஒரு தடவை போகணும். உங்களோட."

"போலாமே! ஆனா குழந்தையை யார் வச்சுக்கறது?" என்றேன், பொறுப்புள்ள தகப்பனைப் போல.

"அப்பா வர்றாரு."

என் மாமனார் முப்பத்தொரு வருடம் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். யார் வண்டியில் உட்கார்ந்தாலும் அவருடைய வலது கால் தானாகவே பிரேக்கைத் தேடும். அவர் கையில் பையன் போய்விட்டால் என் கதை முடிந்தது. எனவே தீம் பார்க் வாசலிலேயே அவனை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பையில் போட்டு மூன்று பட்டைகளையும் இறுக்கிக்கொண்டேன். எங்கள் பையன் லேசில் சிரிக்க மாட்டான். எதிரே இருப்பவரைத் தீர்ப்பு சொல்லப்போகிறவன் மாதிரி முறைப்பான். அதனால் வீட்டில் அவனுக்கு நீதிபதி என்று பெயர்.

ரோலர்கோஸ்டர் வாசலில் சீருடை போட்ட ஒரு பெண் எங்களை நிறுத்தினாள். "கைக்குழந்தையா? அப்ப மாத்துச் சீட்டு தர்றேன். ரெண்டு பேரு ஏறுங்க, ஒருத்தரு குழந்தையோட நில்லுங்க. யாருன்னு கடைசிக் கதவுகிட்ட முடிவு பண்ணிக்கலாம். அவங்க வந்ததும் நின்னவரு வரிசையில நிக்காமலே ஏறலாம். துணைக்கு ஒருத்தரையும் கூட்டிட்டுப் போலாம்."

என் மனைவி துள்ளினாள். "அப்ப எனக்கு ரெண்டு தடவை! முதல்ல இவரோட, அடுத்தது அப்பாவோட!"

மாமனாரின் முகத்தைப் பார்த்தேன். பேயறைந்த மாதிரி இருந்தது. தலைக்கு மேலே போன தண்டவாளத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அதுல பிரேக் எங்க இருக்கும், மாப்பிள்ளை?" என்றார்.

அடடா, இவரும் நம்ம கட்சி! இரண்டு பேரும் அங்கேயே உண்மையைச் சொல்லிவிட்டு இளநீர் குடிக்கப் போயிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை முன்னால் மாமனாரும், மாமனார் முன்னால் மாப்பிள்ளையும் அப்படியெல்லாம் சொல்லிவிட முடியுமா? முதல் தடவை பையனோடு நின்றுவிட்டால் அடுத்த தடவைக்குள் ஏதாவது சாக்குக் கிடைக்கும். அதனால் பையனுக்காகச் சண்டை போட்டோம்.

"பாவம், நாலு நாளா லிஃப்ட் லிஃப்ட்டுன்னு அலையறீங்க. குடுங்க மாப்பிள்ளை, நான் வச்சுக்கறேன்."

"பரவாயில்ல மாமா. நீங்க பொண்ணோட போயிட்டு வாங்க."

"இந்தப் பட்டையை எப்படி அவுக்கணும்?"

"அதை அவ்வளவு சீக்கிரம் அவுக்க முடியாது மாமா."

"என் பிள்ளை மேல ரெண்டு பேருக்கும் எவ்வளவு பாசம்!" என்றாள் மனைவி. அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. எங்களுக்கு வெட்கமாவது மண்ணாவது.

வரிசை நகர நகரச் சண்டையும் வளர்ந்தது. அவனுக்கு டயப்பர் மாற்ற வேண்டிவந்தால் யாராவது ஒருவர் வெளியேறியே ஆக வேண்டும் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. நான் மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. மாமனார் குனிந்து மோந்து பார்த்தார். ஏமாற்றம்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளுக்கு ஒரு பக்கமாக மோந்துகொண்டிருந்தோம். பின்னால் நின்ற பெண்மணி தன் பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

கடைசிக் கதவுக்குப் பத்தடி இருக்கும்போது நீதிபதி முகத்தைச் சுளித்து, சிவந்து, தீர்ப்பை வழங்கினான். மாமனார் என்னை முந்திவிட்டார். அவருடைய மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தடவைகூடக் கால் கழுவிவிடாத மனிதர், பட்டைகளை நொடியில் கழற்றி, பையனை வெற்றிக்கோப்பையைப் போலத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். குறுக்குக் கம்பி இறங்கியது. வண்டி கடகடவென்று மேலே ஏறியது. கண்ணை மூடியிருக்க வேண்டும், தொழில் புத்தி விடவில்லை. ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே போனேன். உச்சியில் ஒரு போல்ட்டில் பெயின்ட் உரிந்திருந்தது. அவ்வளவுதான், வண்டி தலைகுப்புறக் கீழே பாய்ந்தது. என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கு நினைவில்லை. வெளியே வரும் வழியில் எங்கள் போட்டோவைக் காட்டினார்கள். அதில் கண்ணையும் வாயையும் பிளந்தபடி நான் கையைத் தூக்கி வண்டியை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சந்தோஷமா?" என்றேன்.

"இல்ல."

"சிரிச்சியே?"

"'நிறுத்துங்க, நான் மெக்கானிக், நான் மெக்கானிக்'னு நீங்க அலறினா யாருக்குத்தான் சிரிப்பு வராது? நான் சிரிக்கவா வந்தேன்?" அவள் போட்டோவிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கத்தணும்னு வந்தேங்க. ஆறு மாசமா ரகசியம் பேசற மாதிரிதான் பேசறேன். சத்தமா தும்மினாக்கூட அவன் முழிச்சுக்கறான். வீட்டுல ஒரு தடவை கத்தினா அக்கம்பக்கம் ஓடி வந்துடும். என்னாச்சு, உடம்பு சரியில்லையான்னு கேப்பாங்க. இங்கதான் எல்லாரும் கத்தறாங்க, யாரும் யாரையும் ஒண்ணும் கேக்கறதில்ல."



சுத்தமான பையனோடு மாமனார் வந்தார். மகளைப் பார்த்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்பா, நீங்க வர வேணாம். நான் மட்டும் போறேன்" என்று மாற்றுச் சீட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

வேலியோரம் நாங்கள் மூன்று ஆண்களும் வரிசையாக நின்றோம். வண்டி உச்சிக்குப் போய்க் கவிழ்ந்தது. இருபது முப்பது பேர் ஒன்றாகக் கத்தினார்கள். அதில் ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது. அது வேடிக்கைக்குக் கத்துகிற கத்தல் இல்லை. வண்டி இறங்கி, சுழன்று, மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் அது ஓயவில்லை.

"என் பொண்ணு குரல் மாதிரி இருக்கே" என்றார் மாமனார்.

"அவதான் மாமா."

நீதிபதி தலையைத் திருப்பி, சத்தம் வந்த பக்கம் வாயைப் பிளந்து பார்த்தான். எனக்கு அவமானமாக இருந்தது. எந்த லிஃப்ட்டில் சின்னதாய்க் கீச்சென்று கேட்டாலும் இன்ன சக்கரம் என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிறவன் நான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது எனக்குக் கேட்கவே இல்லை.

தலைமுடி நான்கு பக்கமும் பறக்க அவள் வந்தாள். தொண்டை கட்டியிருந்தது. "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா உடனே ரிப்பேர் பாக்க உக்காந்துடுவீங்க. எனக்கு ரிப்பேர் ஒண்ணும் இல்ல. கத்தணும், அவ்வளவுதான்."

நியாயம்தான். அவள் பையனை வாங்கிக்கொண்டு பால் கொடுக்க நிழலுக்குப் போனாள். வரிசை இப்போது ஒன்றேகால் மணி நேரம் என்று பலகையில் போட்டிருந்தார்கள். நான் போய் அதன் கடைசியில் நின்றுகொண்டேன். கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் அவளைக் கூப்பிட்டு என் இடத்தில் நிறுத்தலாம் என்று.