மூன்று லிட்டர் டீசல்

டோரீன் தன் வீட்டு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து காரின் பானெட்மேல் விரித்துக் காட்டினார். துணியெங்கும் கடுகு தூவியதுபோல் கரி.

"பாரு மேன் இளங்கோ. மூணு மாசமா இதே கதை. உன் வண்டி சார்ஜுக்கு நிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து."

"இதுல சைலன்ஸரே இல்ல மேடம். கழட்டி எடைக்குப் போட்டுட்டேன்."

"அப்ப காக்கா கொண்டாந்து போடுதா?"

டோரீன் அந்த சந்தாபுரா அடுக்ககத்தின் சங்கச் செயலாளர். ஜெனரேட்டரின் புகைக்குழாய் அவர் பால்கனிக்கு நேர்கீழே முடிகிறது.

இளங்கோவனுக்குச் சுருக்கென்றது. தொழிற்சாலை எலெக்ட்ரீஷியனான அவனுடைய பதினான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற வண்டி அது. பழைய மாருதியின் என்ஜினை இறக்கி, மின்சார மோட்டாரை கியர்பாக்ஸோடு பொருத்தும் தகட்டை ஹெப்பகோடி லேத் பட்டறையில் மூன்று முறை கடைந்து, பின்சீட்டுக்கு அடியில் பேட்டரிகளை அடுக்கியிருந்தான். வீட்டில் செய்தது என்பதால் சங்கத்துக்குப் பயம். எல்லோரும் விழித்திருக்கும் மாலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து வரைதான் சார்ஜ் போடலாம். பத்துக்குக் காவலாளி பிளக்கைப் பூட்டிவிடுவார். அந்த அனுமதியும் ஞாயிறு கூட்டத்தில் புதுப்பித்தால்தான் உண்டு. இல்லையென்றால் வண்டி வெறும் தகரம்.

தன்மேல் பழியில்லை என்று காட்ட அவனே சார்ஜ் பிளக்கின் மீட்டர் மூடியைத் திறந்தான். ஊர் மின்சாரத்தையும் ஜெனரேட்டர் மின்சாரத்தையும் தனித்தனியாக எண்ணும் மீட்டர் அது. முதல் எண் நூற்றுப் பதினெட்டு யூனிட். பொத்தானை அழுத்தினான். ஜெனரேட்டர்: இருநூற்று நாற்பத்தாறு.

பூஜ்யத்தை எதிர்பார்த்தவன், மறுபடி அழுத்திப் பார்த்தான்.

ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் மஞ்சுநாத்தைக் கூப்பிட்டான். "இந்தப் பாயிண்ட் ஜெனரேட்டர் லைன்லயே இல்லையேப்பா?"

"நான்தான் சார் ஜெனரேட்டர்ல ஓடுற லிஃப்ட் லைன்ல சேத்து விட்டேன்." மஞ்சுநாத்தின் கன்னடம் கலந்த தமிழில் பெருமை. "தினா ஏழு மணிக்கு கரெண்ட் ஹோகுதுல்ல? இவ்ளோ கஷ்டப்பட்டுப் பண்ண வண்டி, காலைல நின்னுடக் கூடாது பாருங்க."



இளங்கோவனின் மனம் தானாகக் கணக்குப் போட்டது. வண்டி முழுதாக நிரம்ப ஒன்பது யூனிட் வேண்டும். ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலை எரித்தால் மூன்று யூனிட் தரும்; எரியும் சூட்டில் பெரும்பங்கு புகையோடும் அதிர்வோடும் வீணாகப் போய்விடும். ஆக மூன்று லிட்டர் டீசல். அதில் வண்டி ஓடுவது ஐம்பத்தைந்து கிலோமீட்டர். இறக்கிப் போட்ட பழைய என்ஜின் அதே தூரத்துக்கு மூன்று லிட்டர் பெட்ரோல்தான் குடித்தது. புகையை அவன் ஒழிக்கவில்லை. சாலையிலிருந்து எடுத்து டோரீனின் கொடிக்கயிற்றில் மாட்டியிருக்கிறான்.

கூட்டத்தில் எல்லாவற்றையும் அப்படியே சொன்னான். "விடியக்காலை நாலுலேர்ந்து எட்டு வரைக்கும் குடுங்க மேடம். அப்ப கரெண்ட் போறதே இல்ல. உங்க துணிக்கும் ஒண்ணும் ஆகாது."

"நாலு மணிக்கு நாங்க தூங்குறோம் மேன். உன் பேட்டரி தூங்குமா?"

"ஒவ்வொரு பேட்டரிக்கும் சூடு பாக்குற சென்ஸர் வெச்சிருக்கேன். சூடேறினா அதுவே கட் ஆயிடும்."

"அந்த சென்ஸரைப் பண்ணது யாரு?"

"நான்தான்."

யாரோ சிரித்தார்கள். பழைய நேரத்துக்கே அனுமதி நீண்டது. ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் சார்ஜ் கூடாது என்று சேர்த்து எழுதினார்கள். புகைக்குழாயை மொட்டைமாடி வரை உயர்த்தும் பேச்சை வழக்கம்போல அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள்.

திங்கட்கிழமை ஒரு ரிலேயைப் பொருத்தினான். ஜெனரேட்டர் கிளம்பியதும் சார்ஜரைத் துண்டிக்கும் சின்னப் பெட்டி, அரைமணி வேலை. ஆறே முக்காலுக்கு பிளக்கை மாட்டினான். ஏழு ஐந்துக்கு விளக்குகள் அணைந்தன, ஜெனரேட்டர் உறுமியது, ரிலே 'டக்' என்றது. அவன் செய்த பொருட்களிலேயே முதல் தடவையில் சரியாக வேலை செய்தது அதுதான்.

பேட்டரி பன்னிரண்டு சதவீதத்தில் நின்றது. வேலைக்குப் போய்த் திரும்ப குறைந்தது ஐம்பது வேண்டும். இரவு ஒன்பதரைக்கு ஊர் மின்சாரம் வந்தது. பத்துக்குக் காவலாளி பூட்டோடு வந்தார். அப்போது பேட்டரி பத்தொன்பது சதவீதம்.

காலையில் மனைவி கிருத்திகா டிபன் டப்பாவை நீட்டினாள். "கார் சாவி இதோ."

"வேணாம். பஸ் பாஸை எடு."

பால்கனியில் டோரீன் விரிப்பை உதறிக்கொண்டிருந்தார். "இளங்கோ, இன்னிக்குக் கரி பாதிதான் மேன்."

அவன் நிமிராமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான்.